நாடு பார்த்துப் போட்ட அறை

பெண்கள் விடுதி வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். கேட்டை எப்போது பூட்டணும், தண்ணி லாரிக்காரனை எப்படி மடக்கணும், மெஸ்ஸில் சாதம் மிஞ்சினால் என்ன பண்ணணும். இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு மழைக்காலம் தாண்டினால் தானாகவே கைக்கு வந்துவிடும். வராதவர்கள் வேறு வேலை பார்க்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

நான் துடைப்பத்தோடு உள்ளே போனவள், சாவிக்கொத்தோடு வெளியே வந்தவள். பெங்களூர் பிரேசர் டவுன் விடுதியில் என்னை மேட்ரன் ஆக்கினபோது கமிட்டியில் ஒருத்தர், "எழுதப் படிக்க வராதவளா?" என்று கேட்டாராம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் அறைக் கதவுமேல் இருக்கிற எழுத்துகள் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பழைய மேட்ரன் ஒருத்தர் இருந்தார். பேர் வேண்டாம், போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நாடு பார்த்து அறை போடுவது. ஒரு நாட்டுக்காரி இருக்கிற அறையில்தான் அதே நாட்டுக்காரிக்குக் கட்டில். "அழறதா இருந்தா ரெண்டும் ஒரே பாஷையில அழட்டும். தனியா அழுதா அது நம்ம தலைவலி" என்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டை வாங்கி அட்டைமேல் இருக்கிற சின்னத்தைப் பார்ப்பேன். ஒரே சின்னம் என்றால் ஒரே அறை. இதற்கு என்ன படிப்பு வேண்டும்?

ரகேலும் மார்த்தாவும் அப்படித்தான் மாடியில் ஒரே அறைக்கு வந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில். ஆப்பிரிக்காவில் செங்கடல் பக்கம் பெரிய நாடு ஒன்று. பேரை நான் எழுதவில்லை, அவர்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் தலைநகரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மார்த்தா முதலில் நர்சிங் படிக்க வந்தாள். அவள் எழுதின கடிதத்தைப் பார்த்து ரகேல் பி.காம். படிக்க வந்தாள். ரகேல் வாய் ஓயாதவள், எங்கள் சமையல்கட்டிலேயே நின்று நின்று தமிழ் கற்றுக்கொண்டாள். மார்த்தா பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்கட்டில் பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து, இடித்து, மண் ஜாடியில் கொதிக்கவைத்து மூன்று தடவை குடிப்பார்கள். பாதி நாள் அதற்கே போய்விடும். எங்கள் சமையல்காரி பிலோமினாவுக்குப் பொறுக்காது.

"இன்னாம்மா இது, காப்பி குடிக்கறீங்களா, கல்யாணம் பண்றீங்களா?"

"முதல் கப் ருசிக்கு, பிலோமினா அக்கா. ரெண்டாவது பேச்சுக்கு. மூணாவது ஆசீர்வாதம்" என்பாள் ரகேல்.

"நாலாவது யாருக்கு? பாத்திரம் கழுவறவளுக்கா?"

இப்படி இரண்டு வருஷம் ஓடினது. அப்புறம் ஒரு நாள் என் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. ரகேலின் அம்மா. ரகேல் பேசினாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவரைத் திருப்பி வைத்துவிட்டு நின்றாள்.

"அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஆன்ட்டி. பஸ்ல ஏத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுட்டாங்க."

"யாரு? எதுக்கு? என்ன பண்ணார்?"

"ஓட்டுப் போட்டார்."

"ஓட்டுப் போட்டா பிடிப்பாங்களா? இங்க போடலைன்னாத்தான் கட்சிக்காரன் வீட்டுக்கு வந்து திட்டுவான்" என்றாள் பிலோமினா. பிறகு ரகேல் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்தப் பெரிய நாட்டின் வடக்கு ஓரம், கடலைத் தொட்டுக் கிடக்கிற பகுதி, ரொம்ப காலம் சண்டை போட்டு, கடைசியில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தனி நாடாகப் பிரிந்திருந்தது. ரகேலின் அப்பா அந்த ஓரத்து ஜனம். தலைநகரத்திலேயே கடை வைத்துக் குடும்பம் நடத்தினவர். பிரிகிற ஓட்டு நடந்தபோது அவரும் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் சிநேகிதமாக இருந்த நேரம். இப்போது இரண்டு நாட்டுக்கும் சண்டை மூண்டுவிட்டது. அன்றைக்கு ஓட்டுப் போட்டவன் அந்த நாட்டான், இங்கே அவனுக்கு இடமில்லை என்று வீடு வீடாகப் பார்த்து அனுப்பினார்கள். அம்மா தலைநகரத்து ஜனம். அதனால் அம்மா தலைநகரத்தில், அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம். இரண்டு வருஷமாக நான் சாவி கொடுத்த அறைக்குள் இத்தனை கதை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட் அட்டைமேல் அதெல்லாம் இல்லையே.

ரகேலுக்கு அதோடு முடியவில்லை. அவள் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிற நேரம். புதுப்பித்துக் கொடுங்கள் என்று அவள் நாட்டுத் தூதரகத்தில் கேட்டால், "உன் அப்பா அந்த நாட்டுக்காரர். நீயும் அங்கேயே கேட்டுக்கொள்" என்று பதில். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் விசா கிடையாது. விசா இல்லாவிட்டால் போலீஸ் கமிஷனர் ஆபீஸ்காரர்கள் இந்த ஊரில் தங்க விடமாட்டார்கள். கடைசி வருஷப் பரீட்சை பாக்கி. எங்கேயாவது அனுப்பலாம் என்றால், எங்கே அனுப்புவார்கள்? பிறந்த ஊர் வேண்டாம் என்கிறது. அப்பா ஊரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

விடுதியில் செய்தி பரவினதும் செக்ரட்டரி மேடம் காரில் வந்து இறங்கினார். கமிட்டி செக்ரட்டரி. கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"ரெண்டு எதிரி நாட்டுக்காரிங்களை ஒரே ரூம்ல வச்சிருக்கியே, நாளைக்கு ஒண்ணுக்கொண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? இன்னைக்கே பிரிச்சு வை."

"சரி மேடம்" என்று மாடிக்குப் போனேன். மார்த்தா நர்சிங் யூனிபாரத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரகேல் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

"நாங்க சண்டை போட்டோமா ஆன்ட்டி?" என்றாள் ரகேல்.

அதிகம் பேசாத மார்த்தா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அங்க எங்களை யாரும் கேக்கலை. இங்கயும் கேக்க மாட்டீங்களா?"

நான் வந்தது சொல்லிவிட்டுப் போகத்தான். வாயில் வந்தது வேறு. "கேக்கத்தான் வந்தேன். சொல்லுங்க, பிரிஞ்சு இருக்கீங்களா?"

"வேண்டாம்" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

கீழே வந்து, "காலி ரூம் எதுவும் இல்லை மேடம்" என்றேன். ஸ்டோர் ரூம் பக்கத்தில் சின்ன அறை ஒன்று காலியாகத்தான் இருந்தது. மேடத்துக்கு அது ஞாபகம் இல்லை. விடுதி வேலையில் சில பொய்களை சாமி காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்றில் இந்த ஊரில் காவேரி கலாட்டா நடந்ததை உங்கள் வீட்டில் வயசானவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் பிறந்தது இங்கேயே, ஸ்ரீராம்புரம். கன்னடம் எனக்குத் தமிழ் மாதிரிதான், திட்டுவதற்கு அதுதான் சுலபம். அந்த நேரம் விடுதியில் இருந்த பெரியவர்கள் கூடிப் பேசி, "நீ தமிழ், இங்க இருக்காதே. அடங்கற வரைக்கும் உங்க ஊருக்குப் போயிடு" என்று கையில் பையைக் கொடுத்தார்கள். நல்லதற்குத்தான் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பூர் பக்கம் எங்கள் அப்பா வழியில் ஒரு வீடு உண்டு என்று கேள்வி. தேடிப் போய் வாசலில் நின்றேன். "யாரோ பெங்களூர்க்காரி வந்திருக்கா" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். சோறு போட்டார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் அங்கே இருந்த நாளெல்லாம் நான் விருந்தாளிப் பாயில்தான் படுத்தேன். திரும்பி வந்ததும் என் வேலை, என் சாவி எல்லாம் அப்படியே இருந்தது. நான்தான் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு எது நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

ரகேல் விஷயம் நடந்தபோது எங்கள் விடுதியிலேயே தங்கி லா காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் கனகா மிஸ். தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். அவர் தமிழ் பேசினால் அவங்க ஊர் சாம்பாரில் வெல்லம் போட்ட மாதிரி இருக்கும். கமிஷனர் ஆபீஸுக்கு அவர்தான் ரகேலைக் கூட்டிக்கொண்டு போய், வாதாடி, பரீட்சை முடிகிற வரைக்கும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் தவணை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது.

"இது ஒரு ஹக்கு, உரிமை. சுயநிர்ணய உரிமைன்னு பேரு" என்றார் மிஸ். "ஒரு ஜனம் யார்கூடச் சேர்ந்து இருக்கணும், தனியா இருக்கணுமா, எப்படி இருக்கணும்னு அந்த ஜனமே முடிவு பண்ணலாம். உலகத்து நாடெல்லாம் ஒத்துக்கிட்டு எழுதினது."

பிலோமினா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஜனம்னா யாரு மிஸ்? எத்தனை பேர் சேர்ந்தா ஜனம்?"

"அதை மட்டும் யாரும் எழுதல, நோடு, பாரு."

"அப்போ எங்க ஸ்ரீராம்புரம் கேட்டா குடுப்பாங்களா?" என்றாள் பிலோமினா. அவளும் எங்கள் பேட்டைதான்.

"நீ மொதல்ல கார்ப்பரேஷன்ல தண்ணியைக் கேளு. அது வந்துச்சுன்னா, தனி நாட்டைப் பத்தி நானே கேஸ் எடுத்துப் பேசறேன்."

எல்லாரும் சிரித்தோம். ரகேல் சிரிக்கவில்லை.

"மிஸ், நான் ஜனமா?"

மிஸ் தட்டிலிருந்து கையை எடுத்தார். "நீ ஒருத்தி. இந்த உரிமை ஜனத்துக்குத்தான், ஒரு ஆளுக்கு இல்லை." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒரு நாடு ரெண்டாகும்போது நடுவுல நிக்கறவங்களைக் கூப்பிட்டு, நீ எந்தப் பக்கம் இருக்கேன்னு கேக்கணும்னு சட்டம் தெரிஞ்ச பெரியவங்க சொல்றாங்க. கேக்கறதுதான் நியாயம்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா..." மிஸ் எங்கள் எல்லாரையும் பார்த்தார். "உன்னை மாதிரி ஒருத்தி போய் நிக்கறதுக்கு ஒரு வாசல் இன்னும் கட்டல, ரகேல். எனக்குத் தெரிஞ்சு இல்லை."

படித்தவர் ஒருத்தர் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல் இருந்தது எனக்குப் பிடித்தது. ரகேல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். மார்த்தா அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

கொஞ்ச நாளில் ஒரு செய்தி வந்தது. புது நாட்டிலிருந்து அதிகாரி ஒருத்தர் பெங்களூருக்கு வருகிறார், இங்கே படிக்கிற தங்கள் பிள்ளைகளைப் பதிந்துகொண்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொண்டு போவார் என்று. பென்சன் டவுனில் ஒரு வீடு. ஒரே ஒரு நாள். விட்டால் அடுத்து எப்போது வருவாரோ தெரியாது, கமிஷனர் ஆபீஸ் தவணையோ முடியப் போகிறது.

செக்ரட்டரி மேடம் போனில் சொன்னார். "கையெழுத்துப் போட வச்சுக் கூட்டிட்டு வா. ஏதோ ஒரு நாடு. நாடே இல்லாத பொண்ணை வச்சுக்கிட்டு நான் கமிட்டிக்கு என்ன சொல்ல?"

தெரியாத வீட்டுக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்புவதில்லை என்பது எங்கள் விடுதி வழக்கம். அதனால் நான் கூடப் போனேன். மார்த்தா, "கேட் வரைக்கும் வரேன், உள்ளே வர மாட்டேன்" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், நான் ஓரத்தில்.

அந்த வீட்டு ஹாலில் சுவரில் ஒரு வரைபடம், புதுசாக மாட்டினது. கோட்டுப் போட்ட மெலிந்த மனுஷர் ஒருத்தர், மரியாதையாக எழுந்து நின்று எனக்கும் நாற்காலி போட்டார். அவர் பேசின இங்கிலீஷ் மெதுவானது. இத்தனை வருஷம் காதில் விழுந்ததில் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அவர்கள் ஜனத்தைச் சேர்ந்த இரண்டு பையன்கள் பக்கத்தில் நின்றார்கள், இங்கே இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். வருகிற ஒவ்வொருத்தரையும் 'இவர் நம்மவர்' என்று அந்த ஜனமே சாட்சி சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அது அவர்கள் முறை.

அவர் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். ரகேல் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னாள். ஒரு பையன் உதட்டைச் சுழித்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று இங்கிலீஷிலேயே சொன்னான். "இவளுக்கு நம்ம பாஷையே சரியா வரலை. அம்மா அந்தப் பக்கம்." இன்னொருத்தன், "எனக்கு இவளைத் தெரியாது" என்றான்.

அதிகாரி பேனாவை மூடினார். கோபமில்லை அவர் முகத்தில். "வருத்தமா இருக்கு. அப்பா பேரை மட்டும் வச்சு முடியாது. சண்டைக் காலம். எங்க ஜனம் முப்பது வருஷம் காத்திருந்து வாங்கின நாடு, யாரை உள்ளே விடறோம்னு பார்க்கணும் இல்லையா?"

வெளியே மழை பிடித்திருந்தது. கேட்டில் நிற்க முடியாமல் மார்த்தா வாசற்படி வரைக்கும் வந்திருக்கிறாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. தலை நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"நான் சொல்றேன்."

"நீ யாரும்மா?"

மார்த்தா தன் நாட்டின் பேரைச் சொன்னாள். பையன்கள் இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு அவள் பாஷை தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் இங்கிலீஷிலேயே, "சொல்லு" என்றார்.

"நான் அதே தெரு. இவ அத்தை தெருப் பிள்ளைங்க எல்லாரையும் உங்க பாஷையிலதான் திட்டுவாங்க. எனக்கு உங்க பாஷையில தெரிஞ்சதெல்லாம் அந்தத் திட்டுதான். இவ அப்பா ஓட்டுப் போட்டுட்டு வந்த அன்னைக்குத் தெருவுக்கே இனிப்பு அனுப்பினார். எங்க அப்பா வாங்கக்கூடாதுன்னார். நான் ஒளிஞ்சு வாங்கித் தின்னேன்." அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "எங்க வீட்ல இவங்க வீட்டுக்குப் பேரே 'அவங்க வீடு'தான். நாங்க குழந்தையா இருந்தப்பவே. இவ எங்களவ இல்லை. உங்களவதான்."

அதைச் சொல்லும்போது அவள் ரகேலைப் பார்க்கவில்லை. அந்த மனுஷர் முகத்தையே பார்த்துச் சொன்னாள். நான்தான் ரகேலைப் பார்த்தேன். காப்பாற்ற நீட்டின கையே கன்னத்தில் பட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

அதிகாரி பையன்கள் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்துப் பெண்ணே சொல்றா. இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?" பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் தன் பங்குக்குப் போட்டு, காகிதத்தை ரகேல் பக்கம் தள்ளினார்.

ரகேல் பேனாவை எடுத்தாள். வைத்தாள். "இதுல கையெழுத்துப் போட்டா, எங்க அம்மாவைப் பார்க்கப் போகலாமா?"

"சண்டை முடியட்டும்."

"முடியலைன்னா?"

ரகேல் என் பக்கம் திரும்பினாள், தமிழில் கேட்டாள். "ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. போடவா?"

பிள்ளைகளே, இந்த வேலையில் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருந்தது. 'போடு' என்பதுதான் பதில். விசா, பரீட்சை, செக்ரட்டரி மேடம், எல்லாம் அதைத்தான் சொன்னது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது தோன்றினது: நான் சொல்லி இவள் போட்டால், இது என் கையெழுத்து. நாளைக்கு அந்த ஊரில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து அழும்போது இவளுக்குத் தன்னுடையது என்று ஒன்றும் இருக்காது. இத்தனை பெரிய மனுஷர்கள் சேர்ந்து இவள் வாழ்க்கையைப் பங்கு போட்டதில், நானும் ஒரு கை வைத்தவளாவேன்.

எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஆல் அவுட்சைட், சார். ஒன்லி கேர்ள்" என்றேன்.

"எனக்கு ரயில் இருக்கும்மா."

மார்த்தாவிடம் சொல்லச் சொன்னேன். "முப்பது வருஷம் காத்திருந்தவங்களாம், ஒரு பொண்ணுக்காகக் கொஞ்ச நேரம் ஆகாதான்னு கேளு."

அவள் சொன்னதும் அந்த மனுஷர் சிரித்துவிட்டார். கோட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தார். நான் கதவைச் சாத்தினேன். போகும்போது ரகேலிடம், "உனக்குத் தோணறதை நீ பண்ணு. எதுவானாலும் நான் வெளியேதான் நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வராந்தாவில் நாங்கள் நின்றோம். மார்த்தா தூணுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மழைச் சத்தத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. அந்த மனுஷர் தானாகவே பேச ஆரம்பித்தார். ஓட்டுப் போட்ட நாளில் நடக்க முடியாதவர்களைக் கழுதைமேல் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம், பெண்கள் கொட்டு அடித்து ஆடினார்களாம். தன் தம்பி சண்டையில் செத்தவன், அவனுக்கும் சேர்த்துத்தான் போட்டேன் என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய்யில்லாத மனுஷர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் கேட்டேன், "அன்னைக்கு வேண்டாம்னு போட்டவங்களும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. ரொம்பக் கொஞ்சம் பேர்."

"அவங்க இப்போ எங்க?"

அவர் மழையைப் பார்த்தார். "அதை யாரும் கேட்டதில்லை."

கதவு திறந்தது. ரகேல் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. பையன்கள் வந்து கை குலுக்கினார்கள், அவளும் குலுக்கினாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஒரு ஓரம் ஏறினாள், மார்த்தா இன்னொரு ஓரம் ஏறினாள். நடுவில் நான் உட்கார வேண்டியதாயிற்று.

சாயங்காலம் ரகேல் என் மேஜைக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, ஸ்டோர் ரூம் பக்கத்து ரூமை எனக்குக் குடுங்க."

"எது?"

"காலியா இருக்கறது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

எவ்வளவு பிடிவாதமாக அவர்களைச் சேர்த்து வைத்திருந்தேன். "அது இருட்டு ரூம்மா. ஜன்னலைத் திறந்தா தண்ணித் தொட்டி. மார்த்தா என்ன தப்புப் பண்ணா? அவ மட்டும் வரலைன்னா..."

"தப்பே பண்ணலை. என்னைக் காப்பாத்தினா. அவ வீட்டுக்குத் தெரிஞ்சா அவளை என்ன பண்ணுவாங்களோ." மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "ஆனா 'இவ எங்களவ இல்லை'ன்னு அவ வாயால கேட்டுட்டேன். உண்மைதான். நான் கையெழுத்துப் போட்டதும் அதுக்குத்தான். இனிமே காலையில கண்ணை முழிச்சதும் அவ முகத்தை என்னால பார்க்க முடியாது ஆன்ட்டி. அவளுக்கும் முடியாது. அவ சொல்ல மாட்டா."

'ரெண்டு நாள் போகட்டும், தானா சரியாயிடும்' என்று சொல்ல வாயெடுத்தேன். நம் தொழிலில் அதிகம் செலவாகிற வார்த்தை அதுதான். சொல்லவில்லை. மத்தியானம்தான் கதவைச் சாத்தி, உனக்குத் தோன்றுவதைச் செய் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். எனக்குப் பிடித்த பதில் வந்தால் மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்றால் அது கேட்டதே ஆகாது. சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அவளே பெட்டியை இறக்கிக்கொண்டாள்.

மார்த்தாவிடம் வேறு பெண்ணைப் போடவா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். காலிக் கட்டிலை விரிப்பு மாற்றி அப்படியே வைத்திருந்தாள்.

ரகேலுக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்தது, பரீட்சை எழுதினாள், அப்பா இருக்கிற ஊருக்குப் போனாள். அங்கே எல்லாரும் அவளை அந்தப் பக்கத்து ஊர்க்காரி என்றுதான் கூப்பிட்டார்களாம், கனகா மிஸ்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. அறை மாறின மறுநாள் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மறுநாள் செக்ரட்டரி மேடம் வந்தார். கீழ் அறைக் கதவில் துண்டு காய்வதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பார்த்தியா? பிரிச்சு வைன்னு நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

"நீங்க சொன்னீங்க மேடம். இது அவளாக் கேட்டது."

"ரெண்டும் ஒண்ணுதானே? கடைசியில தனி ரூம்தானே?"

"இல்லை மேடம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கு அன்றைக்கு வரவில்லை. கீழ் அறைப் பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். நான் வெளியிலிருந்து பூட்டின கதவும், ஒரு பெண் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட கதவும், வராந்தாவில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒன்றாகத்தான் தெரியும். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், பிலோமினாவிடம் ரகேல், மார்த்தா இரண்டு பேர் சாப்பாட்டையும் தனித்தனியாக மூடி வைக்கச் சொன்னேன்.